தைராய்டு இரத்தப் பரிசோதனை: உங்கள் அறிக்கையில் உள்ள எண்களைப் புரிந்துகொள்ளுங்கள்

தைராய்டு மிகைச் சுரப்புக்குச் சிகிச்சை பெறும் மூத்தோருக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும்

உங்கள் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று மருத்துவர் கூறியிருப்பார். மருந்து தொடங்கிய பிறகு, சில வாரங்களுக்கு ஒருமுறை பலதுறை மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ இரத்தம் எடுக்கச் சொல்வார்கள். முடிவுகள் ஹெல்த்ஹப் செயலியில் வந்துவிடுகின்றன. மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே நீங்களோ உங்கள் பிள்ளைகளோ அவற்றைப் பார்த்துவிடலாம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

"சுரப்பு அதிகம் என்றார்கள். அறிக்கையில் குறைவு என்று போட்டிருக்கிறதே?"

"இரண்டு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த எண் அசையவே இல்லையே?"

இவ்விரண்டும் நியாயமான கேள்விகள். பதில் தெரியாததால் சிலர் மாத்திரையைத் தாமாகவே கூட்டிக்கொள்கிறார்கள். சிலர் பயனில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்தானவை. முக்கியமாக, வயதானவர்களின் இதயத்திற்கு.

எண் ஏன் தலைகீழாக இருக்கிறது?

தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்பக்கத்தில் இருக்கிறது. அது டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. இதயத் துடிப்பு, உடல் வெப்பம், குடலின் வேகம், தசைகளின் வலிமை எல்லாம் இவற்றைப் பொறுத்தே அமைகின்றன.

எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதைத் தைராய்டு தானே முடிவு செய்வதில்லை. மூளையின் அடிப்பகுதியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. அது டிஎஸ்எச் என்ற ஹார்மோனை அனுப்பித் தைராய்டை வேலை வாங்குகிறது. அந்தக் காலத்துத் தோட்டத்துக் கங்காணியை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை மந்தமாக நடந்தால் அவர் சத்தம் போடுவார். வேலை தேவைக்கு மேல் நடந்தால் வாயை மூடிக்கொள்வார். டிஎஸ்எச் என்பது அந்தக் கங்காணியின் குரல்.

உங்கள் தைராய்டு யார் சொல்லையும் கேட்காமல் சுரந்துகொண்டிருக்கிறது. அதனால் பிட்யூட்டரி அமைதியாகிவிட்டது. டிஎஸ்எச் குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மிகைச் சுரப்பில் டி4, டி3 மேலே போகும். டிஎஸ்எச் கீழே வரும்.

டி4 சற்றே ஏறினாலும் டிஎஸ்எச் பல மடங்கு இறங்கிவிடும். ஆகவேதான் நோயைக் கண்டுபிடிக்க டிஎஸ்எச் மிகச் சிறந்த பரிசோதனையாக இருக்கிறது. ஆனால் சிகிச்சையின் முதல் சில மாதங்களில் அதை மட்டும் நம்ப முடியாது. ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

அறிக்கையின் மூன்று வரிகள்

டிஎஸ்எச்: பெரும்பாலான ஆய்வகங்களில் இயல்பு வரம்பு லிட்டருக்கு ஏறக்குறைய 0.4 முதல் 4 மில்லி யூனிட் வரை. மிகைச் சுரப்பு உள்ளவர்களுக்கு இது 0.1-க்கும் கீழே இருப்பது வழக்கம். சில அறிக்கைகளில் எண்ணுக்கு முன்னால் "அதற்கும் குறைவு" என்பதைக் காட்டும் குறி இருக்கும். இயந்திரம் அளக்கக்கூடிய எல்லைக்கும் கீழே போய்விட்டது என்பது அதன் பொருள். உடம்பில் டிஎஸ்எச் அறவே இல்லை என்று எண்ண வேண்டாம்.

எஃப்டி4: இரத்தத்தில் ஓடும் டி4-இல் 99 விழுக்காட்டுக்கும் மேல் புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டாமல் தனியாக இருக்கும் சிறு பகுதிதான் உடம்பில் வேலை செய்கிறது. அதைத்தான் எஃப்டி4 அளக்கிறது. இயல்பு வரம்பு லிட்டருக்குச் சுமார் 10 முதல் 20 பிக்கோமோல் வரை. ஆய்வகத்திற்கு ஆய்வகம் இது சற்று மாறும். உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும் வரம்பையே பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் அறிக்கையோடு ஒப்பிடாதீர்கள்.

எஃப்டி3: இதை எல்லாருக்கும் எப்போதும் எடுப்பதில்லை. சிலருக்கு டி4 இயல்பாக இருக்கும், டி3 மட்டும் ஏறியிருக்கும். டிஎஸ்எச் மிகக் குறைந்தும் எஃப்டி4 இயல்பாகவும் இருந்தால் மருத்துவர் இதையும் கேட்டு வாங்குவார்.

ஒரு நோயாளியின் ஐந்து மாதங்கள்

புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டு. 68 வயது மாது ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் எடை கணிசமாகக் குறைந்தது. பேருந்தில் ஏறக் காலைத் தூக்கி வைப்பதே சிரமமாக இருந்தது.

முதல் பரிசோதனையில் டிஎஸ்எச் 0.01-க்கும் குறைவு, எஃப்டி4 42. ஐயத்திற்கு இடமில்லாத மிகைச் சுரப்பு. மருத்துவர் கார்பிமசோல் மாத்திரையைத் தொடங்குகிறார்.

ஆறு வாரம் கழித்து எஃப்டி4 21-ஆக இறங்கியிருக்கிறது. டிஎஸ்எச் அதே 0.01-க்கும் குறைவு. எடை குறைவது நின்றுவிட்டது. நெஞ்சுப் படபடப்பும் தணிந்திருக்கிறது. அறிக்கையைப் பார்த்த மகன், "முதல் வரி மாறவே இல்லையே அம்மா" என்கிறார். இரண்டாவது வரி பாதியாகிவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

பன்னிரண்டு வாரத்தில் எஃப்டி4 9; இயல்புக்கும் கீழே போய்விட்டது. டிஎஸ்எச் இன்னமும் 0.01. இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். டிஎஸ்எச்சை மட்டும் பார்த்தால், "இன்னும் மிகைச் சுரப்புதான், மாத்திரையைக் கூட்ட வேண்டும்" என்று தோன்றும். உண்மை அதற்கு நேர் எதிரானது. மருந்து இப்போது தேவைக்கு அதிகம். மருத்துவர் எஃப்டி4-ஐப் பார்த்து மாத்திரையின் அளவைக் குறைக்கிறார். அவர் செய்ததே சரி.

ஐந்தாம் மாதத்தில் எஃப்டி4 14, டிஎஸ்எச் 0.8. இரண்டும் இயல்பு வரம்புக்குள் வந்துவிட்டன.

டிஎஸ்எச் ஏன் இத்தனை மாதம் எடுத்துக்கொண்டது? நெடுநாள் வாயை மூடியிருந்த கங்காணிக்குக் குரல் திரும்ப நேரம் பிடிக்கிறது. பிட்யூட்டரி விழித்துக்கொள்ள வாரக்கணக்கிலும், சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகும். அதுவரை எஃப்டி4-உம் தேவைப்பட்டால் எஃப்டி3-உம்தான் வழிகாட்டி. ஐந்து மாதம் என்பது இந்த எடுத்துக்காட்டுக்கு மட்டுமே. உங்களுக்கு முன்னதாகவோ தாமதமாகவோ ஆகலாம்.

மாத்திரையும் முதல் நாளே பலன் தருவதில்லை. கார்பிமசோல் புதிய ஹார்மோன் உருவாவதைத் தடுக்கிறது. சுரப்பிக்குள் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் இருப்பு தீர வேண்டும் அல்லவா? அதற்குச் சில வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் நான்கு முதல் ஆறு வாரத்திற்கு ஒருமுறை இரத்தம் எடுப்பதும், அளவு நிலைபெற்ற பின் இடைவெளியைக் கூட்டுவதும் இதனால்தான். ஒரு வாரம் கழித்தே மீண்டும் பரிசோதித்தால் பெரிதாக எதுவும் தெரியாது.

வயதானவர்களுக்கு இது ஏன் முக்கியம்?

இளையோருக்கு மிகைச் சுரப்பு வந்தால் வெளியே தெரியும்: கை நடுக்கம், வியர்வை, பதற்றம், நல்ல பசி. மூத்தோரிடம் இவை இல்லாமலும் இருக்கலாம். சோர்வு, எடை குறைவு, பசியின்மை, மனச்சோர்வு, மூச்சு வாங்குதல் என்று அமைதியாக வரும். "வயசாகிவிட்டது, அதுதான்" என்று வீட்டில் எல்லாரும் விட்டுவிடுவார்கள். ஆகவே மூத்தோருக்கு உடம்பு சொல்வதைவிட இரத்தப் பரிசோதனை சொல்வது சில வேளைகளில் தெளிவாக இருக்கும்.

மிகப் பெரிய கவலை இதயம். கூடுதல் ஹார்மோன் இதயத்தின் மேலறைகளை ஒழுங்கில்லாமல் துடிக்கச் செய்யலாம். அப்போது இரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கக்கூடும். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 60 வயதும் அதற்கு மேலும் ஆன சுமார் 2,000 பேரைப் பத்து ஆண்டுகள் கவனித்தார்கள். அதன் முடிவு 1994-இல் வெளிவந்தது. டிஎஸ்எச் 0.1 அல்லது அதற்கும் குறைவாக இருந்தவர்களுக்கு ஒழுங்கற்ற துடிப்பு வரும் வாய்ப்பு, இயல்பாக இருந்தவர்களைவிட மூன்று மடங்காக இருந்தது. எலும்பும் மெலியும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது இன்னும் கூடுதலான கவலை. ஒரு சிறு சறுக்கல் இடுப்பெலும்பு முறிவில் போய் முடியலாம்.

எஃப்டி4, எஃப்டி3 இரண்டும் இயல்பாக இருந்து டிஎஸ்எச் மட்டும் சற்றுக் குறைந்திருந்தால், உதாரணமாக 0.2 என்று இருந்தால், உடனே மருந்து தேவைப்படாமல் போகலாம். இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி பரிசோதிப்பார்கள். பலருக்கு அது தானாகவே சரியாகிவிடும். ஆனால் 65 வயதுக்கு மேல், டிஎஸ்எச் தொடர்ந்து 0.1-க்கும் கீழே இருந்தால், மருத்துவர் பெரும்பாலும் சிகிச்சையைப் பரிந்துரைப்பார். "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று தட்டிக்கழிக்காதீர்கள்.

எண்ணைத் தவறாகக் காட்டக்கூடியவை

முதலில் சொல்ல வேண்டியது பயோட்டின். முடி கொட்டாமல் இருக்கவும் நகம் உறுதிப்படவும் கடையில் வாங்கும் மாத்திரைகளில் இது அதிக அளவில் இருக்கும். மிகைச் சுரப்பில் முடி கொட்டுவது வழக்கம். ஆகவே நோயாளிகளே இதைத் தேடி வாங்குகிறார்கள். பயோட்டின் உங்கள் தைராய்டைத் தொடுவதில்லை. ஆனால் சில ஆய்வக முறைகளைக் குழப்பி, டிஎஸ்எச்சைக் குறைத்தும் எஃப்டி4-ஐக் கூட்டியும் காட்டிவிடும். நோய் இல்லாதவருக்கும் நோய் இருப்பதுபோல அறிக்கை வரும்! இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பாக அதை நிறுத்துங்கள். அதிக அளவில் எடுப்பவர்கள் எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று மருந்தாளரைக் கேளுங்கள். சத்து மாத்திரைதானே என்று சொல்லாமல் விடாதீர்கள். புட்டியையே கொண்டு வந்து காட்டுங்கள்.

இதயத் துடிப்பைச் சீராக்கத் தரப்படும் அமியோடரோன் மாத்திரையில் அயோடின் மிக அதிகம். சிடி ஸ்கேனுக்கு முன் நரம்பில் செலுத்தும் சாயத்திலும் அயோடின் இருக்கும். இவை தைராய்டை உண்மையாகவே பாதிக்கக்கூடியவை. கடும் காய்ச்சல், நிமோனியா போன்ற நோய்களும், ஸ்டீராய்டு மருந்துகளும் டிஎஸ்எச்சைத் தற்காலிகமாகக் குறைக்கும். மருத்துவமனையில் படுத்திருந்தபோது எடுத்த ஒரே ஒரு அறிக்கையை வைத்து முடிவு செய்ய மருத்துவர் தயங்கினால், அதற்கு இது காரணமாக இருக்கலாம்.

தைராய்டு பரிசோதனைக்குப் பட்டினி இருக்கத் தேவையில்லை. அதே நாளில் கொழுப்பு, சர்க்கரைப் பரிசோதனையும் இருந்தால் மட்டும் தாதி சொல்வதுபோல் செய்யுங்கள். கார்பிமசோலை வழக்கம்போல் சாப்பிடலாம். டிஎஸ்எச் நேரத்திற்கு நேரம் சற்று ஏறி இறங்கும். முடிந்தால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரத்தம் கொடுங்கள்.

தைராய்டு இறங்கும்போது மற்ற எண்களும் மாறும்

மூத்தோர் பலர் நாலைந்து மருந்து சாப்பிடுகிறார்கள். தைராய்டு கட்டுக்குள் வரும்போது அவற்றின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம். வார்ஃபரின் எடுப்பவர்கள் கவனியுங்கள்: மிகைச் சுரப்பின்போது அந்த மருந்து கூடுதலாக வேலை செய்யும். தைராய்டு இறங்க இறங்க, அதே மாத்திரை போதாமல் போய் ஐஎன்ஆர் எண் குறையலாம். சிகிச்சையின் முதல் மாதங்களில் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இது மறுபக்கம் செல்லும். மிகைச் சுரப்பு சர்க்கரையை ஏற்றிவிடும். தைராய்டு சீரானதும், பழைய அளவு இன்சுலினோ மாத்திரையோ சர்க்கரையை மிகவும் இறக்கிவிடக்கூடும். கொழுப்போ நோயின்போது குறைவாக இருந்து, குணமாகும்போது ஏறும். சாப்பாட்டில் என்ன தவறு செய்தோம் என்று அப்போது வருந்த வேண்டாம்.

காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால்

இதைத் தனியாகப் படித்து நினைவில் வையுங்கள். கார்பிமசோல் சாப்பிடுபவர்களில், ஆயிரத்தில் ஐந்துக்கும் குறைவானவர்களுக்கு, கிருமிகளோடு போராடும் வெள்ளை அணுக்கள் திடீரென்று விழுந்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்திற்குள் நடக்கும், பிறகும் வரலாம். காய்ச்சல், கடும் தொண்டை வலி, வாய்ப்புண் ஆகியவை இதன் அறிகுறிகள்.

அப்படி வந்தால் அடுத்த கார்பிமசோல் மாத்திரையைச் சாப்பிடாதீர்கள். அன்றே, இரவானாலும், மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று, "கார்பிமசோல் சாப்பிடுகிறேன், இரத்த அணுக்களை எண்ணிப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். சொல்ல மொழி தடையாக இருந்தால் மாத்திரைப் பொட்டலத்தைக் காட்டினாலே போதும். போன வாரம் எடுத்த பரிசோதனை நன்றாக இருந்ததே என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. ஒரு வாரத்திற்குள் நிலை மாறிவிடலாம். எண்ணிக்கை இயல்பாக இருந்தால், மாத்திரையைத் தொடரலாமா என்று மருத்துவர் கூறுவார்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர் நிறத்தில் போவது, உடம்பெல்லாம் அரிப்பு ஆகியவை கல்லீரலின் எச்சரிக்கை. அதற்கும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

எப்போது மாத்திரையை நிறுத்தலாம்?

அது எதனால் நோய் வந்தது என்பதைப் பொறுத்தது. கிரேவ்ஸ் நோயில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தூண்டுகிறது. (1835-இல் இதை விவரித்த டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸின் பெயர் அது.) அந்தத் தூண்டும் பொருளை அளக்க ஒரு பரிசோதனை உண்டு, அறிக்கையில் டிஆர்ஏபி என்று இருக்கும். பொதுவாக 12 முதல் 18 மாதம் மருந்து சாப்பிட்ட பின் இதை அளப்பார்கள். இன்னும் அதிகமாக இருந்தால், நிறுத்தியதும் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல். இயல்பாக இருந்தாலும் திரும்பவே திரும்பாது என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே நிறுத்திய பிறகும் முதல் ஓராண்டு பரிசோதனைக்கு வர வேண்டும்.

மூத்தோர் பலருக்குக் காரணம் தைராய்டில் வளர்ந்த முடிச்சுகள். இவர்களுக்கு மாத்திரை கட்டுப்படுத்துமே தவிர, முடிச்சைப் போக்காது. கதிரியக்க அயோடின் அல்லது அறுவை சிகிச்சை பற்றி மருத்துவர் பேசுவார். கதிரியக்க அயோடின் எடுத்துக்கொண்டவர்களுக்குச் சில மாதத்தில் சுரப்பு குறைந்துபோவது வழக்கம். அப்போது எண்கள் புரண்டு, எஃப்டி4 குறைந்து டிஎஸ்எச் ஏறும். அதற்கு வேறு மாத்திரை தருவார்கள். கார்பிமசோலோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இந்தியா சென்று பரிசோதித்தால்

சென்னைக்கோ திருச்சிக்கோ போய் மாதக்கணக்கில் தங்குபவர்கள் அங்கேயே இரத்தம் கொடுப்பதுண்டு. அதில் தவறில்லை. ஆனால் அங்குள்ள பல ஆய்வகங்கள் வேறு அலகில் எண் தருகின்றன. எஃப்டி4 1.2 என்று அறிக்கை வந்தால் அஞ்ச வேண்டாம். அது டெசிலிட்டருக்கு நானோகிராம் கணக்கு. இங்குள்ள கணக்கில் சுமார் 15. அதாவது இயல்பு. இங்கே வழக்கமான எண்ணாக மாற்ற, அதை 13-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய வந்துவிடும்.

இன்னொன்று: குறைந்த கட்டணத் தொகுப்புகளில் எஃப்டி4-க்குப் பதிலாக, புரதத்தோடு ஒட்டிய பகுதியையும் சேர்த்த மொத்த டி4-ஐ அளப்பார்கள். 8.5 என்று அது வந்தால், "வரம்பு 10-இல் தொடங்குகிறதே, குறைந்துவிட்டதே" என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது வேறு பரிசோதனை, வேறு வரம்பு. டிஎஸ்எச் மட்டும் அலகின் பெயர் மாறினாலும் எண் மாறாது.

புறப்படும் முன், பயணம் முழுவதற்கும் போதுமான மாத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே பரிசோதித்தால் எஃப்டி4, டிஎஸ்எச் இரண்டையும் கேளுங்கள். முழு அறிக்கையையும் பத்திரமாக எடுத்து வாருங்கள்; எண்ணை மட்டும் காகிதத்தில் குறித்து வந்தால் அலகும் வரம்பும் தெரியாது. மாத்திரை எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியில் அளவு மாறியது என்று அதன் ஓரத்தில் எழுதி வைத்தால், அடுத்த சந்திப்பில் உங்கள் மருத்துவருக்கு மிகவும் உதவியாக இருக்கும்.